பாதியில் நின்ற அப்டேட்: ரௌட்டரைத் தூக்கிப் போடும் முன் செய்ய வேண்டியவை

ரௌட்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் ஒரு வினாடி போய் வந்தால் போதும். அதற்குப் பிறகு வைஃபை பெயரே கைப்பேசியில் தெரியாது. முன்பக்கத்தில் ஒரு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். செட்டிங் பக்கமும் திறக்காது. மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை கொட்டும் கோலாலம்பூரில் இது அடிக்கடி காதில் விழும் கதை. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து அடுக்குமாடிகளில் “தம்பி, ரௌட்டர் செத்துப்போச்சு, புதுசு வாங்கணுமா?” என்று கேட்கும் ஆன்டிகளுக்கு நான் சொல்லும் முதல் பதில் ஒன்றுதான்: “கொஞ்சம் பொறுங்க ஆன்டி, தூக்கிப் போட்டுடாதீங்க.”

பெரும்பாலும் அது சாகவில்லை. ரௌட்டருக்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் பகுதியில் பூட்லோடர் என்ற மிகச் சிறிய நிரல் இருக்கிறது. பிளக்கைப் போட்டதும் முதலில் விழிப்பது அதுதான். அடுத்த பகுதியில் இருக்கும் பெரிய ஃபர்ம்வேரைத் தேடிப் பிடித்து எழுப்பிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். இன்னொரு பகுதியில் உங்கள் செட்டிங்குகள், மற்றொன்றில் வைஃபை ரேடியோவுக்கான அளவீடுகளும் மேக் முகவரியும் இருக்கும். சாதாரண அப்டேட் தொடுவது பெரும்பாலும் அந்தப் பெரிய ஃபர்ம்வேர் இருக்கும் பகுதியை மட்டும்தான். ஃபிளாஷில் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். அதனால் நடுவில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் முழுதாக இல்லை என்ற நிலை வந்துவிடும். பூட்லோடர் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும், காண்டோவில் எல்லாரும் வீடு காலி செய்துவிட்டுப் போன பிறகும் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஜாகா (காவலாளி) மாதிரி. கீழே சொல்லப்போவதெல்லாம் அந்தப் பூட்லோடரோடு பேசி, நல்ல ஃபர்ம்வேர் ஒன்றை உள்ளே வாங்கிக்கொள்ளச் செய்யும் வழிகள்தான்.

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள்

உலாவியில் பிழைச் செய்தி வந்தாலோ பக்கம் வெறுமையாக நின்றாலோ உடனே பிளக்கைப் பிடுங்கத் தோன்றும். பிடுங்காதீர்கள். அப்டேட் நடக்கும்போது ரௌட்டர் தன் செட்டிங் பக்கத்தை நிறுத்திவிட்டுத்தான் எழுதும். உலாவிக்கு அது தொடர்பு அறுந்ததாகத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே எழுதும் வேலை நன்றாகவே நடந்துகொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் அணைத்தால், உருப்படியாக முடிந்திருக்க வேண்டியதை நாமே கெடுத்ததாகிவிடும். 15 நிமிடம் அப்படியே விடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஒரு முறை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், பழுது ரௌட்டரில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். யூனிஃபை போன்ற ஃபைபர் இணைப்பு உள்ள பல வீடுகளில் சுவரோரம் தனியாக ஒரு பெட்டி இருக்கும், பிடியு என்பார்கள். மெல்லிய ஃபைபர் கேபிள் அதில்தான் வந்து சேரும். அதில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் பிரச்சினை லைனில். ரௌட்டரை என்ன செய்தாலும் அது சரியாகாது, இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்கு (யூனிஃபை என்றால் 100-க்கு) அழைத்துப் புகார் கொடுங்கள். அதே பெட்டியில் பான் என்ற விளக்கு பச்சையாக நிலைத்திருந்தால் லைன் நலம். அந்தப் பெட்டியின் ரீசெட் பொத்தானைத் தொட வேண்டாம். ஃபைபர் கேபிளை மடக்கவும் வேண்டாம்.

ரௌட்டர் யாருடையது என்பதும் முக்கியம். இணைப்போடு சேர்த்து நிறுவனம் கொடுத்ததாக இருந்தால், குறிப்பாக ஃபைபர் நேராக அதற்குள்ளேயே போகும் ஒரே பெட்டி என்றால், இந்த வேலை எதையும் செய்யாதீர்கள். அவர்களைக் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள். இந்த வழிகாட்டி நீங்களே கடையில் வாங்கிய ரௌட்டருக்கு. அதிலும் வாரண்டி இன்னும் இருந்தால் முதலில் அந்த வழியைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

விளக்கே எரியவில்லை என்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். ஃபர்ம்வேர் எவ்வளவு கெட்டாலும் பவர் விளக்காவது பெரும்பாலும் எரியும். அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர், அதே முனை உள்ள வேறொரு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். பழைய அடாப்டர் பலவீனமாகிப்போனால் ரௌட்டர் பாதி எழுந்து மறுபடி மறுபடி விழும், பார்ப்பதற்கு ஃபர்ம்வேர் கோளாறு போலவே இருக்கும். மின்னல் இறங்கிய பிறகு வந்த பழுது என்றால் சிப்பே போயிருக்கலாம். அதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது.

சரியான கோப்பு

ரௌட்டரைத் திருப்பிப் போட்டு அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்திலோ சீரியல் எண்ணுக்கு அருகிலோ, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக ‘வெர்’ என்று போட்டு ஓர் எண் இருக்கும்: 2.0, 3.2 என்று. மொத்த வேலையிலும் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். கடைப் பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும் மூன்றாம் பதிப்புக்கும் நான்காம் பதிப்புக்கும் உள்ளே இருக்கும் சிப்பே வேறாக இருக்கலாம். ஒன்றின் ஃபர்ம்வேரை இன்னொன்றில் ஏற்றினால், மீட்கக்கூடிய ரௌட்டர் மீட்க முடியாததாகிவிடும். சில நிறுவனங்கள் நாட்டுக்கு நாடு தனித்தனிக் கோப்பும் வைத்திருக்கும். லேபிளில் உள்ள நாட்டுக் குறியோடு பொருந்துவதையே எடுங்கள்.

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஜிப்பாக வந்தால் பிரித்துவிடுங்கள். ஜிப்பையே அப்படியே ஏற்றப் பார்ப்பது புதிதாக வருபவர்கள் பலர் தடுக்கி விழும் இடம். உள்ளே இருக்கும் பின், டிஆர்எக்ஸ், ஐஎம்ஜி போன்ற முடிவுடைய கோப்புதான் நமக்கு வேண்டும். தளத்தில் கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்ஹெச்ஏ-256 எண் கொடுத்திருந்தால் ஒப்பிட்டுவிடுங்கள். செவன்-ஜிப் இருக்கும் கணினியில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் அந்த எண்ணை எடுக்கும் வசதி மெனுவிலேயே உண்டு. ஹாட்ஸ்பாட் நடுவில் அறுந்து கோப்பு குறையாக இறங்கியிருந்தால் இங்கேயே பிடிபட்டுவிடும்.

கேபிளும் பிங்கும்

இனிமேல் எல்லாமே கேபிள் வழியாகத்தான். பூட்லோடருக்கு வைஃபை தெரியாது. லேப்டாப்பில் லேன் துளை இல்லை என்றால் யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வேண்டும். லோயாட் பிளாசாவுக்குப் போனால் எத்தனையோ கடைகளில் கிடைக்கும். கேபிளின் ஒரு முனையை லேப்டாப்பில் செருகி மறுமுனையை ரௌட்டரின் முதல் லேன் போர்ட்டில் செருகுங்கள், இன்டர்நெட் லைன் வந்து சேரும், நிறம் மாறி இருக்கும் வேன் போர்ட்டில் அல்ல. மற்றக் கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். லேப்டாப்பின் வைஃபையையும் அணைத்துவிடுங்கள்.

ரௌட்டர் படுத்துவிட்டதால் லேப்டாப்புக்கு ஐபி முகவரி கொடுக்க ஆளில்லை. நாமே கையால் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போய் ஐபி அசைன்மென்ட் பக்கத்தில் எடிட்டை அழுத்தி மேனுவல் என்று மாற்றுங்கள். ஐபிவி4-ஐத் திறந்து, முகவரி 192.168.1.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று போடுங்கள். உங்கள் ரௌட்டரின் வழக்கமான முகவரி 192.168.0.1 என்றால் இங்கும் 192.168.0.10 என்று மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவது எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்போது கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலைத் திறந்து ரௌட்டரின் முகவரிக்கு நிற்காத பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) ஒன்றை ஓடவிடுங்கள். பிங், முகவரி, கடைசியில் சிறுகோடும் ஆங்கில டி (t) எழுத்தும். ரௌட்டரை அணைத்துப் போட்டுவிட்டுத் திரையைக் கூர்ந்து பாருங்கள். முதலில் பதில் இல்லை என்ற வரிகளே ஓடும். பிளக் போட்ட சில வினாடிகளில் திடீரென்று இரண்டு மூன்று வரிகளுக்குப் பதில் வரும். அப்புறம் மறுபடி மௌனம். அந்த இரண்டு மூன்று வரிகளைப் பார்த்துவிட்டால் நிம்மதியாக மூச்சு விடலாம், பூட்லோடர் உயிரோடு இருக்கிறது. பதில் வரியின் கடைசியில் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். முழு ஃபர்ம்வேர் எழுந்து பதில் சொன்னால் அது வழக்கமாக 64. பிராட்காம் சிப் உள்ள பல பழைய ரௌட்டர்களில் 100 என்று வந்தால், பேசுவது சிஎஃப்இ என்ற பூட்லோடர். பிங்குக்குப் பதிலே வரவில்லை என்பதால் மனம் தளர வேண்டாம். சில பூட்லோடர்கள் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் வாய் திறக்கும்.

மீட்பு நிலை

அநேகமாக எல்லா ரௌட்டர்களுக்கும் பொதுவான முறை இது. பவரை அணையுங்கள். ரீசெட் துளைக்குள் ஊசியை விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரைப் போடுங்கள். விளக்கின் போக்கு மாறும்வரை விடாதீர்கள். 30 வினாடி மூன்று தடவை அழுத்த வேண்டும் என்ற பழைய வைத்தியம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைய ரௌட்டர்களுக்கு அது தேவையில்லை. அதன் பிறகு என்ன நடக்கும் என்பது தயாரிப்பைப் பொறுத்தது.

ஏசுஸ் ரௌட்டரில் பவர் விளக்கு மெதுவாக மினுக்கத் தொடங்கும். ஃபர்ம்வேர் ரெஸ்டொரேஷன் என்று அவர்களே தரும் சிறிய மென்பொருளை விண்டோஸில் நிறுவி, கோப்பைக் காட்டி அப்லோட் கொடுத்தால் வேலை முடிந்தது. பல ஏசுஸ் மாடல்களில் உலாவியில் 192.168.1.1 என்று போட்டாலே பூட்லோடரின் சின்னஞ்சிறு பக்கம் திறக்கும். டி-லிங்க் ரௌட்டர்கள் பலவற்றிலும் இப்படி ஓர் அவசரப் பக்கம் உண்டு. முகவரி 192.168.0.1. கோப்பைத் தேர்வு செய்ய ஒரு பெட்டியும் அனுப்ப ஒரு பொத்தானும்தான் அதில் இருக்கும். அந்தப் பக்கம் திறந்தும் அப்லோட் நகரவில்லை என்றால் வேறொரு உலாவியில் முயலுங்கள்.

லிங்க்சிஸின் பல மாடல்களில் ஃபர்ம்வேருக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றில் புதியது, மற்றதில் முந்தையது. பவரைப் போட்டு இரண்டு வினாடியில் அணைப்பதை மூன்று முறை தொடர்ந்து செய்துவிட்டு நான்காவது முறை அப்படியே விட்டால், அது தானாகப் பழைய ஃபர்ம்வேருக்கு மாறி எழும். மைக்ரோடிக் வைத்திருப்பவர்களுக்கு நெட்இன்ஸ்டால் என்ற தனிக் கருவி இருக்கிறது.

மற்றபடி டிஎஃப்டிபி. இது மிக எளிமையான கோப்பு அனுப்பும் முறை, பெயரோ கடவுச்சொல்லோ கேட்காது. டிஎஃப்டிபிடி64 என்ற இலவச நிரல் ஒன்று போதும். ஆனால் கோப்பு எந்தத் திசையில் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக வருபவர்களில் பலர் மணிக்கணக்கில் திண்டாடுவது இதைக் கவனிக்காததால்தான். நெட்கியர் போன்றவற்றில் ரௌட்டர் காத்திருக்கும், நாம் தள்ள வேண்டும். நிரலில் கிளையன்ட் பக்கத்தைத் திறந்து, 192.168.1.1 என்று போட்டு, கோப்பைக் காட்டி ‘புட்’ அழுத்த வேண்டும். டிபி-லிங்கின் பல மாடல்களில் எல்லாம் தலைகீழ். அங்கே நம் லேப்டாப்தான் காத்திருக்க வேண்டும், ரௌட்டர் வந்து இழுத்துக்கொள்ளும். கோப்பை ஒரு ஃபோல்டரில் போட்டு, டிஎஃப்டிபிடி64-இல் அந்த ஃபோல்டரையும் லேன் கார்டையும் தேர்வு செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

இந்த இழுக்கும் வகையில் இரண்டு விஷயங்கள் அச்சு மாறாமல் பொருந்த வேண்டும்: லேப்டாப்பின் முகவரி, கோப்பின் பெயர். ஆர்ச்சர் சி7 இரண்டாம் பதிப்பு லேப்டாப்பை 192.168.0.66 என்ற முகவரியில்தான் தேடும். கோப்பின் பெயரும் மாடல், பதிப்பு, அடிக்கோடு, டிபி (tp), அடிக்கோடு, ரிகவரி என்ற வரிசையில் இருந்தாக வேண்டும். வேறு சில மாடல்கள் 192.168.0.225 என்ற முகவரியைத் தேடும். உங்கள் மாடல் எதைத் தேடுகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, ரௌட்டரே சொல்லும். கேபிளில் போய்வரும் தகவல்களைக் காட்டும் வயர்ஷார்க் என்ற நிரலை லேன் கார்டின் மீது ஓடவிட்டு, ரீசெட்டைப் பிடித்தபடி பவரைப் போடுங்கள். “192.168.0.66 யாரிடம் இருக்கிறது? 192.168.0.86-க்குச் சொல்லுங்கள்” என்ற பொருளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். முதல் எண்ணை லேப்டாப்புக்குக் கொடுங்கள், இரண்டாவது ரௌட்டர் அந்த நேரத்துக்கு எடுத்துக்கொண்ட முகவரி. லேப்டாப்புக்கு அந்த எண்ணைக் கொடுத்து மறுபடி போட்டால், அடுத்து அது எந்தப் பெயருள்ள கோப்பைக் கேட்கிறது என்பதும் வயர்ஷார்க்கில் எழுத்து எழுத்தாகத் தெரியும். உயிரில்லை என்று நினைத்த பெட்டி இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பதைத் திரையில் பார்ப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. இன்னொன்று, பழைய டிபி-லிங்க் கோப்புகளின் பெயரில் ‘பூட்’ என்ற சொல் இருந்தால் அதற்குள் பூட்லோடரும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதை அப்படியே டிஎஃப்டிபியில் அனுப்பாதீர்கள். அந்தச் சொல் இல்லாத வேறு பதிப்பைத் தேடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு போகவில்லையா? முதல் சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால் மேல். டிஎஃப்டிபி பயன்படுத்துவது யூடிபி 69-ஆம் போர்ட், அதை ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுத்துவிடும். இணையம் துண்டிக்கப்பட்டிருக்கும் இந்த நேரத்தில் ஃபயர்வாலைக் கொஞ்ச நேரம் அணைத்து வைப்பதில் ஆபத்தில்லை. முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். இரண்டாவது சந்தேகம் நேரம். ரௌட்டரை அணைத்துப் போடும்போது கேபிள் தொடர்பும் அறுந்து, லேப்டாப் மறுபடி தயாராகச் சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும். பூட்லோடர் காத்திருப்பதும் சில வினாடிகள்தான். லேப்டாப் விழிப்பதற்குள் வாய்ப்பு போய்விடுகிறது. இதற்கு எளிய வழி, நடுவில் சாதாரண நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றை வைத்து இரண்டையும் அதில் செருகிவிடுவது. ரௌட்டர் அணைந்தாலும் லேப்டாப்பின் தொடர்பு சுவிட்சோடு நிலைத்திருக்கும். பலமுறை முயன்று கைவிட்ட ரௌட்டர்கூட இந்த ஒரு மாற்றத்தால் எழுவதுண்டு.

கோப்பு போய்ச் சேர்வது சில வினாடிகளில் முடிந்துவிடும். அதை ஃபிளாஷில் எழுதத்தான் நேரமாகும். 10 நிமிடமாவது கை வைக்காதீர்கள். தானாக மறுதொடக்கம் ஆகும்வரை பொறுங்கள். வானம் கறுத்திருந்தால் வேலையை மறுநாள் காலைக்குத் தள்ளிப் போடுங்கள். யூபிஎஸ் இருந்தால் அதில் செருகிவிட்டுச் செய்வது இன்னும் நல்லது.

இத்தனைக்கும் பிறகு அசையவில்லை என்றால் பூட்லோடரே கெட்டிருக்கலாம். பெட்டியைத் திறந்து போர்டில் இருக்கும் சீரியல் முனைகளைக் கணினியின் யூஎஸ்பியோடு சேர்க்கும் யூஎஸ்பி-டிடிஎல் கேபிளை இணைத்துப் பார்ப்பது அடுத்த படி (இது பிங்கில் பார்த்த டிடிஎல் அல்ல). அந்த முனைகள் பெரும்பாலும் 3.3 வோல்ட். 5 வோல்ட் கேபிளைப் போட்டால் சிப் கருகிவிடலாம். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம். விலை குறைந்த ரௌட்டருக்கு அவ்வளவு செலவு தகாது என்பது என் கருத்து.

மீண்டு வந்த பிறகு

வைஃபை பெயர் தெரிந்ததும் முதல் வேலை, லேப்டாப்பின் ஐபி அசைன்மென்டை மறுபடி ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுவது. இதை மறந்துவிட்டு, ரௌட்டர் இன்னும் சரியாகவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அடுத்து, ரௌட்டரை ஒரு முறை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பழைய செட்டிங்கின் மிச்சங்கள் புதிய ஃபர்ம்வேரோடு ஒத்துப்போகாமல் வினோதமான தொல்லைகள் கொடுக்கும்.

இப்போது மலேசிய வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல். ரௌட்டர் எழுந்துவிட்டது, வைஃபையும் வருகிறது, ஆனால் இன்டர்நெட் மட்டும் இல்லை. மீட்பு தோற்றுவிட்டதாக நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்காதீர்கள். இணைய நிறுவனத்தோடு சேர ரௌட்டர் சொல்லும் பிபிபிஓஇ பெயரும் கடவுச்சொல்லும், ஒரே லைனில் இன்டர்நெட்டையும் டிவியையும் பிரிக்கும் விலேன் எண்ணும் ரீசெட்டில் அழிந்திருக்கும், அவ்வளவுதான். யூனிஃபையில் இன்டர்நெட்டுக்கு விலேன் 500, டிவிக்கு 600. மேக்சிஸ் ஃபைபரில் இன்டர்நெட்டுக்கு 621. இங்கே விற்கும் பல ரௌட்டர்களில் ஐபிடிவி அல்லது விலேன் பக்கத்தில் இவற்றுக்கென்றே தயாராக ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தாலே எண்கள் தாமாக நிரம்பிவிடும். பிபிபிஓஇ விவரம் இணைப்புக் கொடுத்தபோது வந்த தாளில் இருக்கும். யூனிஃபை என்றால் பெயரின் முடிவில் ‘அட்’ குறியும் யூனிஃபை என்ற சொல்லும் வரும். தாள் தொலைந்திருந்தால் கணக்கு எண்ணையும் அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு 100-க்கு அழைத்துக் கேளுங்கள்.

கணினியில் பழைய செட்டிங் பேக்கப் இருந்தாலும் வேறு ஃபர்ம்வேர் பதிப்பில் எடுத்தது என்றால் அதை ஏற்றாதீர்கள். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் முன்பு இருந்ததுபோலவே கையால் கொடுத்துவிட்டால் வீட்டிலுள்ள கைப்பேசிகளும் டிவியும் தாமாக இணைந்துகொள்ளும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்ததும் புதிய பேக்கப் ஒன்றை எடுத்து, ஏற்றிய ஃபர்ம்வேர் கோப்போடும் லேபிள் படத்தோடும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். தானியங்கி அப்டேட்டுக்கு நேரம் குறிக்க முடிந்தால், மதியமும் சாயங்காலமும் வேண்டாம். விடியற்காலை என்று வையுங்கள்.